தொல்லுயிர்த் தொடருக்கு டைனோசர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

கற்பனையாக ஓர் ஆவணப்படத் தொடரைத் திட்டமிடுபவர், விலங்குகளின் பட்டியலைப் போடுவதற்கு முன், அத்தியாயத்துக்கு ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்டெகோசாரஸ் மறைந்து ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் கழித்தே டிரனோசாரஸ் ரெக்ஸ் தோன்றியது என்பதால், அவ்விரண்டையும் ஒரே காட்சியில் மோதவிடுவது எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் பிழையே.

அடுத்து, எலும்பு மட்டும் கிடைத்த விலங்கைவிட, நடத்தைக்குச் சான்றுள்ள விலங்குக்கு முன்னுரிமை தர வேண்டும். 1971-இல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில், தாவர உண்ணி டைனோசரான புரோட்டோசெராடாப்ஸின் வாயில் ஊனுண்ணி டைனோசரான வெலாசிராப்டரின் கை சிக்கியிருக்க, இரண்டும் சண்டையிட்ட நிலையிலேயே புதைபடிவமாகக் கிடைத்தன. இத்தகைய சான்று கையில் இருந்தால் காட்சியை ஊகித்து எழுதத் தேவையில்லை. வெலாசிராப்டரை வான்கோழியளவில், இறகுகளுடன் காட்டுவது அவசியம்.

என் தேர்வில் முதலிடம் குஜராத்துக்கே. அங்குள்ள தோலி துங்ரியில், நீள்கழுத்துத் தாவர உண்ணி டைனோசரான டைட்டனோசாரின் கூட்டுக்குள் நொறுங்கிய முட்டையைச் சுற்றி, சுமார் 3.5 மீட்டர் நீளமுள்ள சனாஜே என்ற பாம்பு சுருண்டிருக்க, அருகிலேயே அரை மீட்டர் நீள டைட்டனோசார் குஞ்சு ஒன்றும் கிடந்தது. பிற்காலத்தில் பேருருவம் எடுக்கும் விலங்கை, அது இரையாகும் பருவத்தில் காட்ட இதைவிடப் பொருத்தமான களம் அரிது.

நிறத்தைப் பொறுத்தவரை, வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததை நிறமித் தடயங்கள் உணர்த்தும் சீனாவின் சைனோசாரோப்டெரிக்ஸ் போன்றவற்றை நெருக்கக் காட்சிகளுக்கு ஒதுக்கலாம். டிரனோசாரஸுக்கு ஓர் அத்தியாயம் போதும்.