உங்கள் முகத்துக்கு எந்தக் கூலிங் கிளாஸ் எடுப்பாக இருக்கும்? முதல்முறை வாங்குபவர்களுக்கு

கூலிங் கிளாஸ் வாங்கப் போனால், கடைக்காரர் எடுத்து நீட்டும் நான்கைந்தை மாட்டிப் பார்த்ததுமே கண் குழம்பிவிடும். கூட வந்தவர் "இதுவே நல்லாத்தான் இருக்கு" என்பார், வாங்கிவிடுவோம். முக வடிவத்தைத் தெரிந்துகொண்டு போனால் இந்தக் குழப்பம் பாதி குறையும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் வடிவத்தோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் அளவுதான் முதலில். முகத்துக்குப் பொருந்தாத அகலத்தில் இருந்தால் எந்த வடிவமும் எடுபடாது.

படி 1: முகத்தை வரைந்து பாருங்கள்

செல்ஃபியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் முகம் ஒடுங்கியும் தெரியும். ஆறேழு அடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் குளியலறைக் கண்ணாடி போதும். முடியைப் பின்னால் இழுத்துக் கட்டி, நேராக நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தைச் சோப்புத் துண்டால் வரையுங்கள். தலை அசையக் கூடாது. வரைந்து முடித்ததும் கோடு உங்கள் முகத்தில் பாதி அளவுதான் இருக்கும். தப்பாக வரைந்துவிட்டோமோ என்று அழிக்க வேண்டாம், பிம்பம் கண்ணாடிப் பரப்பில் பாதி அளவில்தான் விழும். வடிவம் மாறாது.

இப்போது அந்தக் கோட்டையோ எடுத்த படத்தையோ பாருங்கள். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து தாடை வளைந்து போனால் வட்ட முகம். அதே அளவில் தாடையின் இரு முனைகளும் எடுப்பாகத் தெரிந்தால் சதுர முகம். நெற்றி அகன்று முகவாய் கூர்ந்தால் இதய வடிவம். அகலத்தைவிட நீளம் வெகுவாகக் கூடினால் நீள முகம். நீளம் கொஞ்சமே கூடி, எங்கும் முனை இல்லாமல் வளைந்தால் முட்டை வடிவம். பலருக்கு இரண்டு கலந்துதான் இருக்கும். எது தூக்கலோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மூன்று எண்கள்

ஏற்கெனவே பவர் கண்ணாடி போடுபவரா? காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கம் பாருங்கள். 52, 18, 140 என்பதுபோல மூன்று எண்கள் பொடியாக அச்சிட்டிருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் வரும் இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். அந்தக் கண்ணாடி உங்களுக்குச் சரியாக உட்கார்கிறது என்றால் கூலிங் கிளாஸிலும் அதை ஒட்டிய எண்களையே தேடுங்கள். லென்ஸ் மட்டும் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்கலாம். ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

பவர் கண்ணாடி இல்லாதவர்கள் கடையில் நேராக நின்று பாருங்கள். ஃப்ரேமின் வெளி ஓரமும் நெற்றிப்பொட்டுப் பகுதியில் முகத்தின் ஓரமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். கம்பிகள் வெளிப்பக்கம் விரிந்துகொண்டு போனால் அது சின்னது.

படி 3: முகத்துக்கு ஏற்ற ஃப்ரேம்

முகத்தில் ஏற்கெனவே தூக்கலாக இருப்பதையே ஃப்ரேமும் செய்யக் கூடாது. இது ஒன்றை நினைவில் வைத்தால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வட்ட முகத்துக்கு முனையுள்ள ஃப்ரேம்: செவ்வகம், மேல்பக்கம் அகன்ற தடித்த பிளாஸ்டிக் ஃப்ரேமான வேஃபேரர், பெண்களுக்கு ஓரம் மேலே தூக்கிய கேட் ஐ. உயரத்தைவிட அகலம் கூடிய ஃப்ரேம் முகத்தைக் கொஞ்சம் நீட்டிக் காட்டும். குட்டி வட்டக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், கன்னம் இரண்டு மடங்காகத் தெரியும்.

சதுர முகத்துக்கு நேர் எதிர். வட்டம், ஓவல், கண்ணீர்த்துளி போலக் கீழே இறங்கும் லென்ஸ் கொண்ட ஏவியேட்டர் மூன்றும் தாடையின் கடுமையைத் தணிக்கும். ஏவியேட்டர் 1930களில் அமெரிக்க விமானிகளுக்காக உருவானது. குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் கண்ணுக்கு மறைப்பு வேண்டும் என்றுதான் லென்ஸ் அவ்வளவு கீழே இறங்குகிறது. குட்டையான முகத்தில் அது கன்னத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும். அப்படியானால் அதிலேயே சிறிய அளவைக் கேளுங்கள்.

இதய வடிவத்துக்கு மேல்பகுதி கனமில்லாத மெல்லிய ஃப்ரேம் நல்லது. நீள முகத்துக்கு உயரமான பெரிய லென்ஸ். ஒடுங்கிய செவ்வகத்தைத் தொடாதீர்கள். முட்டை வடிவக்காரர்களுக்கு அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும், கொடுத்து வைத்தவர்கள்.

படி 4: மாட்டிப் பார்க்கும்போது

கடைக் கண்ணாடி முன் அசையாமல் நிற்காதீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கன்னம் எழும்பி ஃப்ரேமைத் தூக்கினால் வேண்டாம். தரையைப் பார்த்துக் குனிந்து தலையை ஆட்டுங்கள், வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தால் வேர்க்கும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். இமை முடி லென்ஸில் உரசினால் இரண்டே நாளில் எரிச்சலாகிவிடும். மூக்கு தட்டையாக உள்ளவர்களுக்கு, வளைத்துச் சரிசெய்யக்கூடிய நோஸ் பேட் (மூக்கில் பதியும் சிறு திண்டு) வைத்த மெட்டல் ஃப்ரேம் உதவும்.

புருவம் ஃப்ரேமின் மேல் ஓரத்தை ஒட்டியோ சற்று மேலேயோ தெரிந்தால் முகபாவம் மறையாது. பொட்டு வைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஏவியேட்டரில் மூக்குக்கு மேலே இரட்டைக் கம்பி வருமே, அதன் மேல் கம்பி சரியாகப் பொட்டின் மேல் வந்து உட்காரும். ஒற்றைக் கம்பி உள்ளதாக எடுங்கள். பைக் ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டையும் கொண்டுபோய் மாட்டிப் பார்க்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. பட்டையான கம்பி காதுக்கு மேல் அழுத்தித் தலைவலி தரும்.

படி 5: லென்ஸ்

முகத்துக்கு எடுப்பாக இருந்தாலும் கண்ணைக் காக்காத கண்ணாடி வேண்டாம். கறுப்பாக இருந்தாலே பாதுகாப்பு என்பது தப்பு. கருமையான லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரியும். லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால் அந்தக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். யுவி 400 என்று இருக்கிறதா பாருங்கள். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்று பொருள். நல்ல ஆப்டிகல்ஸ் கடையில் அதைச் சோதிக்கும் மீட்டர் இருக்கும், கேட்டால் வைத்துக் காட்டுவார்கள்.

போலரைஸ்டு என்பது வேறு. அது ஈரச் சாலை, கார் போனட், கடல் நீர் ஆகியவற்றிலிருந்து தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் ஒளியைக் குறைக்கும். மாட்டிக்கொண்டு போன் திரையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஏதாவது ஒரு கோணத்தில் திரை மங்கும்.

நிறத்தில், சாம்பல் லென்ஸ் மற்ற நிறங்களை மாற்றாமல் காட்டும், பிரவுன் மேடு பள்ளத்தைத் தெளிவாக்கும். ஃப்ரேமில் என் ஓட்டு, மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் தங்க நிறக் கம்பியில் கரும்பச்சை லென்ஸ். கன்னங்கரேல் ஃப்ரேமைவிடப் பளிச்சென்று இருக்கும்.

பில் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். காதுக்குப் பின்னால் இறங்கும் வளைவைச் சூடு காட்டி உங்கள் காதுக்கு ஏற்ப வளைத்துத் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள்.