எஸ்கியோ ஊர்ல பாஸ்க் பண்ணை வீடு பாக்கப் போறீங்களா? இப்படிப் பாருங்க

ஸ்பெயின்ல, பாஸ்க் பகுதியோட கிபுஸ்கோவா மாகாணத்துல மலைச்சரிவுல இருக்கிற குட்டி ஊர் எஸ்கியோ. சான் செபாஸ்டியன்ல இருந்து உள்ளூர் ரயில் ஏறி சுமார்ராகால இறங்கிடுங்க, அங்கிருந்து கிட்டதான். முதல்ல தூரத்துல நின்னு பாருங்க, வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்காது, ஒவ்வொண்ணும் அதோட புல்வெளி, ஆப்பிள் தோட்டத்தோட தனித்தனியா நிக்கும், அதுக்குப் பேரு பசெர்ரி.

அப்புறம் நேரா இகார்துபெய்த்தி போங்க. 16ம் நூற்றாண்டு வீடு, இப்ப மியூசியம். உள்ள போனதும் மேல பாக்க மறந்துடாதீங்க ப்ளீஸ், ஏன்னா ஆப்பிள் பிழியிற செக்கு தனியா ஒரு மெஷின் இல்ல, வீட்டோட மரச்சட்டமே செக்குதான், அந்த பெரிய உத்திரத்தோட ஒரு முனைல மர ஸ்க்ரூ, அதுல ஒரு பாறாங்கல்லு தொங்கும், ஸ்க்ரூவ சுத்தச் சுத்த கல்லு மேல எழும்பி உத்திரத்தை கீழ இழுத்து ஆப்பிளை நசுக்கும். அதைப் பாத்து நான் அசந்துபோய் நின்னுட்டேன். கீழ்த்தளத்துல மாடும் மனுஷங்களும் ஒரே கூரைக்குள்ள இருந்திருக்காங்க.

அக்கம்பக்கத்து வீட்டுப் பேரையும் கவனிங்க. அங்க வீட்டுப் பேருதான் குடும்பப் பேராவே ஆயிருக்கு, எச்செபெர்ரியான்னா 'புது வீடு'ன்னு அர்த்தம்.

திரும்புறப்போ இதியாசபால் சீஸ் வாங்கிடுங்க, லாச்சாங்கிற செம்மறியாட்டு இனத்தோட பாலைக் காய்ச்சாம செய்றது, குறைஞ்சது 60 நாள் பதப்படுத்துவாங்க.