மவுண்ட் கட்டளையின் ‘ஆர்ஓ’ ஆப்ஷனுக்குத் தமிழில் குறிப்பு எழுதுவோம்

மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் மாமா ஒருவர், டீசல், ஐஸ் கணக்கெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எங்களிடம் கொண்டுவந்தார். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டதாம். “மாப்ள, உள்ள இருக்கிறதுல ஒண்ணும் மாறிடக் கூடாது” என்றார். லினக்ஸில் டிஸ்க்கை இணைத்துக் கோப்புகளைத் திறக்க உதவுவது மவுண்ட் கட்டளை; அதன் ‘ஆர்ஓ’ ஆப்ஷன் ‘ரீட்-ஒன்லி’, அதாவது படிக்க மட்டும். ‘ஆர்ஓ போட்டால் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது’ என்று பையன்களுக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பை நம்பி மவுண்ட் செய்தோம். எழுதப்பட்டுவிட்டது. கணக்குக்குச் சேதமில்லை; என் குறிப்புதான் தவறு.

அதனால் முதலில் சோதனை, பிறகு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன்; டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதல் படி: நிஜ டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு கோப்பையே டிஸ்க்காக ஆக்கிக்கொள்ளலாம்.

ட்ரங்கேட் -எஸ் 64எம் பயிற்சி.ஐஎம்ஜி
எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 பயிற்சி.ஐஎம்ஜி

(64எம் என்பதில் ‘எம்’ மட்டும் பெரிய எழுத்து. முதல் கட்டளை வெற்றுக் கோப்பை உண்டாக்கும்; இரண்டாவது அதில் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை அமைக்கும்.)

இரண்டாம் படி: ஆப்ஷன் சொன்னதைச் செய்கிறதா என்று பாருங்கள். (‘சூடோ’ நிர்வாகி உரிமை தரும்; ‘/எம்என்டி’ டிஸ்க்கை இணைக்கும் இடம்; ‘டச்’ வெற்றுக் கோப்பை உண்டாக்கும்.)

சூடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ பயிற்சி.ஐஎம்ஜி /எம்என்டி
சூடோ டச் /எம்என்டி/கணக்கு

‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று மறுப்பு வரும். பெரும்பாலான குறிப்புகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. நானும் இங்கேதான் நின்றிருந்தேன். ‘சூடோ யூமவுண்ட் /எம்என்டி’ கொடுத்து விடுவித்துவிட்டு மேலே போவோம்.

மூன்றாம் படி: கரண்ட் போன டிஸ்க்கை நாமே உண்டாக்குவோம். அதே கோப்பை ஆர்ஓ இல்லாமல் மவுண்ட் செய்து, டச் கொடுத்து, சிங்க் (நினைவகத்தில் காத்திருப்பதை டிஸ்க்கில் எழுதவைக்கும் கட்டளை) கொடுங்கள். விடுவிப்பதற்கு முன்பே சிபி கட்டளையால் நகல்1, நகல்2 என இரண்டு பிரதிகள் எடுங்கள். முறையாக மூடப்படாத நிலையிலேயே அவை உறைந்திருக்கும். பிறகு மூலத்தை விடுவித்து, இரண்டு நகல்களுக்கும் ‘எஸ்எச்ஏ256சம்’ (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு நுணுக்கம். நகல் கோப்பை நேரடியாக ஆர்ஓ-வில் மவுண்ட் செய்தால் அதற்கான லூப் சாதனமும் (கோப்பை டிஸ்க் போலக் காட்டுவது) படிக்க-மட்டும் ஆகிவிடும். நிஜ ஹார்ட் டிஸ்க்கின் நடத்தை தெரியாது. அதனால் லூப்பை நாமே அமைக்க வேண்டும்.

சூடோ லோசெட்அப் -எஃப் --ஷோ நகல்1
சூடோ மவுண்ட் -ஓ ஆர்ஓ /டெவ்/லூப்7 /எம்என்டி

லூப் எண்ணை முதல் கட்டளையே காட்டும். 7 என்பது எடுத்துக்காட்டு. யூமவுண்ட் செய்து, ‘சூடோ லோசெட்அப் -டி /டெவ்/லூப்7’ போட்டு லூப்பையும் அவிழ்த்துவிட்டு மறுபடி எஸ்எச்ஏ256சம் எடுங்கள். எண் மாறியிருக்கும்! எக்ஸ்ட்4 தன் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்) பாதியில் நின்ற வேலையை மவுண்ட் ஆகும்போதே முடித்துவிடுகிறது. நாம் எழுதுவதைத்தான் ஆர்ஓ தடுக்கிறது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதுவதை அல்ல. நகல்2-க்கும் இதே படிகளைச் செய்து, ‘ஆர்ஓ’ இருந்த இடத்தில் ‘ஆர்ஓ,நோலோட்’ (ஜர்னலை ஏற்றாதே) என்று கமாவுக்கு இருபுறமும் இடைவெளி விடாமல் கொடுங்கள். எண் மாறாது.

‘மேன் 8 மவுண்ட்’ கையேட்டுப் பக்கத்திலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. கண்ணால் பார்த்தபின் படித்தால்தான் அது மனதில் நிற்கிறது.

நான்காம் படி: குறிப்பு. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ‘காற்று அதிகமானால் ரயில் போகாது’ என்று மட்டும் எழுதி வைத்தால் சிக்னல் போடுபவருக்கு அது எதற்கு ஆகும்? ஆப்ஷன் குறிப்பிலும் எல்லை எது என்று இருக்க வேண்டும். பழையதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

‘-ஓ ஆர்ஓ: கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் இணைக்கும். பயனர் எதையும் எழுதவோ அழிக்கவோ முடியாது. ஆனால் முறையாக விடுவிக்கப்படாத எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 டிஸ்க்கில் ஜர்னல் மீட்பு நடக்கும். அப்போது டிஸ்க்கில் எழுதப்படும். அதைத் தவிர்க்க: -ஓ ஆர்ஓ,நோலோட். இப்படி இணைத்தால் கடைசியாகப் பதிவானவை அரைகுறையாகத் தெரியலாம்.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நோலோட் போட்டுத் திறந்துவிட்டு, “நேத்துப் போட்ட கணக்கக் காணோமே” என்று பதறுகிறவருக்காக எழுதியது அது.