வராதவர்களின் நோட்டு: மலைக் கிராம துணை சுகாதார நிலையத்தின் சேவையை அளப்பது எப்படி

நீலகிரியின் பந்தலூர் தாலுகாவில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், கர்ப்பிணிப் பதிவில் எங்கள் நிலையம் நூறு சதவீதத்தைத் தாண்டியது. மாதக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். அடுத்த வாரமே, ஓடையை ஒட்டிய ஒரு பணியர் பழங்குடிக் காலனியில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் குடிசையிலேயே ஏழாம் மாதத்தில் பிரசவமானது. குழந்தை தங்கவில்லை. சேதி கேட்டு ஓடினேன். திரும்பி வந்து பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அவள் பெயர் எதிலுமே இல்லை.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கும் தன்னார்வலர் பெண்களும், "அக்கா, ரிப்போர்ட் போடத் தெரியும். ஆனா நம்ம கிளினிக் நெஜமா எப்படி நடக்குதுன்னு எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்கிறார்கள். எச்.எம்.ஐ.எஸ். என்ற அரசின் சுகாதாரத் தகவல் பதிவு, பிக்மி என்ற கர்ப்பிணி-குழந்தைப் பதிவு இரண்டும் மேலே போகும் கணக்கு. அவற்றை ஒழுங்காகப் போட்டே ஆகவேண்டும். நான் சொல்லப்போவது அதோடு கூட உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டிய நோட்டுக் கணக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

முதலில் ஆளை எண்ணுங்கள். எங்கள் நூறு சதவீதம் எப்படித் தாண்டியது தெரியுமா? மலைப்பகுதியில் ஒரு துணை நிலையத்துக்கு 3000 பேர், சமவெளியில் 5000 பேர் என்பது நெறிமுறை. 3000 பேருக்கு, ஆயிரத்துக்கு 14 பிறப்பு என்று வைத்தால் வருடத்துக்கு 42 பிறப்பு. கருக்கலைவு, இறந்து பிறப்பது எல்லாவற்றுக்குமாகப் பத்து சதவீதம் கூட்டினால் 46 கர்ப்பிணிகள். இதுதான் இலக்காக நம் கைக்கு வரும். ஆனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்களையும் நான் பதிந்திருந்தேன். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர்கள் பத்துப் பேர் வந்து சேர்ந்தால், நம் காலனிப் பெண்கள் பத்துப் பேர் விடுபட்டது தெரியவே தெரியாது. இலக்கு நிறைந்துவிடும்.

அதனால் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: இங்கேயே இருப்பவர், வெளியிலிருந்து வந்தவர், இங்கிருந்து வெளியே போனவர். மூன்றாவது பத்தியை யாரும் எழுதுவதில்லை. பந்தலூர், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் எல்லை தாண்டிக் கேரளாவின் சுல்தான் பத்தேரியில் பிரசவம் பார்த்துக்கொள்வார்கள். அங்கே போட்ட ஊசி, அங்கே எடுத்த எடை எதுவும் நம்மிடம் தானாக வந்து சேராது. போன் செய்து கேட்டு எழுதினால்தான் உண்டு. சதவீதம் போடும்போது முதல் பத்தியையும் மூன்றாவது பத்தியையும் கூட்டியதுதான் வகுக்கவேண்டிய மொத்த எண். வந்தவர்களுக்குச் சேவை செய்யுங்கள், ஆனால் தனியாக எண்ணுங்கள்.

ஆளை எண்ண ஒரு படம் வேண்டும். கையால் வரைந்தது போதும். நீலகிரியில் குடியிருப்பு என்றால் ஒரே மாதிரி இருக்காது. படுகரின் ஹட்டி, தோடரின் மந்து, கோத்தரின் கோக்கால், காட்டோரத்தில் இருக்கும் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வீடுகள், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் என்று எல்லாம் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிலோமீட்டரை எழுதாதீர்கள், நடக்கும் நிமிடத்தை எழுதுங்கள். மூன்று கிலோமீட்டர் என்று காகிதத்தில் இருப்பது, எட்டு மாத வயிற்றோடு சறுக்கும் மண்பாதையில் ஏறி வருகிறவளுக்கு ஒன்றரை மணி நேரம். யானை நிற்கும் பாதை என்றால் அதையும் குறியுங்கள். லைன் வீடுகளை வருடத்துக்கு இரண்டு முறையாவது எண்ணவேண்டும். ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் எஸ்டேட் விட்டு எஸ்டேட் மாறிக்கொண்டே இருக்கும். கங்காணியிடமோ ரைட்டரிடமோ கேட்டால் எந்த வீட்டில் யார் புதிது என்று சொல்லிவிடுவார்கள்.

சரி, இனி எதை அளப்பது? எல்லாவற்றையும் அளக்க ஆசைப்பட்டால் எதுவும் நிற்காது. நான் வைத்துக்கொண்டது சிலதுதான்.

கர்ப்பிணிகளில், பதிந்தவர் எத்தனை என்பதோடு நிறுத்தாதீர்கள். 12 வாரத்துக்குள் பதிந்தவர் எத்தனை, நாலு செக்கப்பும் முடிந்தவர் எத்தனை, எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) குறைவாக இருந்தவருக்கு அப்புறம் என்ன ஆனது. இந்தக் கடைசிக் கேள்விக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையானது. 180 இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம் என்பது நம் கணக்கு. அடுத்த மாதம் எச்.பி. ஏறியதா என்பதுதான் அவள் கணக்கு. அவள் பெயருக்கு நேரே இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

இதில் மலைக்கென்றே இரண்டு விஷயம் இருக்கிறது. உயரம் கூடக்கூட உடம்பு எச்.பி.யைத் தானாகவே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் தந்த அட்டவணை 2000 மீட்டர் உயரத்தில் அளந்த எண்ணிலிருந்து 0.8 கழிக்கச் சொன்னது; 2024இல் அந்தக் கழிவை இன்னும் கூட்டிவிட்டார்கள். அதாவது ஊட்டிப் பக்கம் 11.5 காட்டும் பெண்ணுக்கு உண்மையில் ரத்தசோகை இருக்கலாம். சிகிச்சையை மருத்துவ அலுவலர் சொல்கிறபடியே செய்யுங்கள். ஆனால் ஊட்டிக் கணக்கையும் அதைவிடத் தாழ்வில் இருக்கும் கூடலூர்க் கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து "அவங்க நல்லா பண்றாங்க, நாம மோசம்" என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று சிக்கில் செல், பரம்பரையாக வரும் ரத்த நோய். பணியர், இருளர், குறும்பர் மக்களிடம் இது உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் எச்.பி. ஏறவில்லை என்றால், அவள் சாப்பிடவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், சிக்கில் செல் பரிசோதனை ஆனதா என்று பாருங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கில் செல் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை உண்டு. பரிசோதனை ஆனவர், முடிவு கைக்கு வந்தவர் இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ரத்தம் எடுத்துப் போனார்கள், பதிலே வரவில்லை என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். பட்டியலைப் பார்த்தால் அவர் 'முடிந்தவர்' கணக்கில் இருந்தார்.

தடுப்பூசிக்கு ஒரே ஒரு கணக்கு போதும். ஆறாவது வாரத்தில் பென்டா (ஐந்து நோய்க்கான தடுப்பூசி) முதல் ஊசி போட்டவர்களில், பதினான்காவது வாரத்தில் மூன்றாவது ஊசிக்கு வராதவர் எத்தனை சதவீதம்? 40 பேர் தொடங்கி 34 பேர் முடித்தால் விடுபட்டவர் 6, அதாவது 15 சதவீதம். பத்தைத் தாண்டினாலே நம் சேவையில் எங்கோ ஓட்டை இருக்கிறது. முதல் ஊசிக்கு வந்தவள் நம்மை நம்பி வந்தவள். மறுபடி ஏன் வரவில்லை? காய்ச்சல் வந்து பயந்தாளா, புதன்கிழமை போனபோது கதவு பூட்டியிருந்ததா, கொழுந்துக் கூலி போய்விடும் என்று நின்றாளா? கேட்டால் சொல்வாள்.

ஒரு எச்சரிக்கை. சின்னக் குடியிருப்புக்குச் சதவீதம் போடாதீர்கள். வருடத்துக்கு ஐந்து குழந்தை பிறக்கும் காலனியில் ஒரு குழந்தை விடுபட்டால் 20 சதவீதம் சரியும், அடுத்த மாதம் ஏறும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே பெயரை எழுதுங்கள். சதவீதம் வேண்டுமென்றால் பன்னிரண்டு மாதத்தைக் கூட்டிப் போடுங்கள். அதேபோல, ஜூலையை ஜூனோடு ஒப்பிடாதீர்கள், போன வருட ஜூலையோடு ஒப்பிடுங்கள். தேவாலாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பாதையே இருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மாதத்தில் வருகை குறைந்ததற்குச் செவிலியரைத் திட்டி என்ன பயன்?

அடுத்தது பிபி. மாதாமாதம் வீடு தேடி மாத்திரை போகிறது, நல்லது. ஆனால் கொடுத்த மாத்திரையை எண்ணினால் அளந்ததாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பார்த்த பிபியை எடுங்கள். 140/90க்குக் கீழே இருந்தால் கட்டுப்பாடு. உதாரணத்துக்கு, 60 பேர் பதிவு, 40 பேரைத்தான் இந்த மூன்று மாதத்தில் பார்க்க முடிந்தது, அதில் 30 பேருக்குக் கட்டுப்பாடு. 40க்கு 30 என்று 75 சதவீதம் எழுத மனசு சொல்லும். எழுதாதீர்கள். 60க்கு 30, பாதிதான். பார்க்காத 20 பேரில்தான் நாளைக்குப் பக்கவாதத்தோடு 108இல் ஏறப்போகிறவர் இருப்பார். சுகருக்கும் இதே முறைதான்.

பிபி பதிவேட்டில் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பக்கத்தில் முப்பது பேரின் மேல் எண்ணும் 120, 130, 140 என்று பூஜ்யத்திலேயே முடிந்தால், யாரோ கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். டிஜிட்டல் மெஷினில் பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும், முப்பதில் மூன்று. வேலையில் இருந்தபோது நான் மேற்பார்வைக்குப் போனால் முதலில் திறந்தது இந்தப் பக்கம்தான். அப்புறம் கிளினிக் மூலையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை ஒரு பெரியவர் மேட்டில் ஏறி மூச்சு வாங்க வந்தார். வாயில் வெற்றிலையும் புகையிலையும். ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். 168 காட்டியது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, சாய்ந்து உட்கார வைத்து, கையை மேஜை மேல் வைத்து அரை மணி கழித்து எடுத்தோம். 142. குளிருக்காக யாரும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்கள் என்பதால் இது நம் மலையில் தினமும் நடக்கும் தப்பு. சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டி விடுவதும் தப்புதான்.

மற்றவை சின்னச் சின்னக் கணக்கு. போடத் திட்டமிட்ட முகாம் எத்தனை, நடந்தது எத்தனை. பிபிக்கான அம்லோடிபின், சுகருக்கான மெட்ஃபார்மின், இரும்புச்சத்து மாத்திரை மூன்றும் இருப்பில் இல்லாத நாட்கள் எத்தனை. மாதத்தில் ஒருநாள் மட்டும், வருகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதுங்கள். ஒரு எஸ்டேட்டில் நாங்கள் அப்படி எழுதியபோது, லைன் பெண்கள் எல்லோரும் இலை எடை போட்ட பிறகே ஓடி வருவதும், அந்த நேரத்தில் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. கிளினிக்கை இரண்டு மணி நேரம் தள்ளினோம். அடுத்த மாதமே கூட்டம் வந்தது.

மாதக் கடைசியில் நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து, வராதவர் பெயரை மட்டும் குடியிருப்பு வாரியாக எழுதுங்கள். பக்கத்தில் யார் போய்ப் பார்ப்பது, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அங்கன்வாடி டீச்சரையும் காலனியின் தலைவரான மூப்பனையும் உட்கார வைத்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். நோய்ப் பெயரை அங்கே சத்தமாகச் சொல்லாதீர்கள், "இவங்களைப் பார்க்கணும்" என்பது போதும். பாதிப் பேர் எங்கே என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். ஓடையோரக் காலனியில் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது கர்ப்பம் என்று எனக்கு வந்து சொன்னது மூப்பன்தான். ஒன்பதாவது வாரம். பதிவேட்டில் நானே எழுதினேன்.

மாற்றல் வந்தால் படத்தையும் நோட்டையும் அடுத்து வருகிற பெண்ணின் கையில் கொடுத்து, ஒருநாள் கூடவே நடந்து எல்லாக் குடியிருப்பையும் காட்டிவிட்டுப் போங்கள். நோட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரைந்துவிடும்.