பெரிய டயர் போட்ட பிக்கப்புக்கு கிரவுன்-பினியன் மாற்றுவது எப்படி

பெரிய டயர் போட்டதும் வண்டி இழுக்கவில்லை, ஏற்றத்தில் டாப் கியரில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் இன்ஜினில் கோளாறு தேடாதீர்கள். டயரின் ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் கூடிவிட்டது, அதே வேகத்தில் இன்ஜின் சுற்று குறைந்துபோய்த் திணறுகிறது, அவ்வளவுதான். அதற்குச் சரியான மருந்து ஆக்சிலின் கிரவுன்-பினியனை, அதாவது இன்ஜினிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியை, மாற்றுவது.

முதலில் கணக்கு. புது டயர் உயரத்தைப் பழைய டயர் உயரத்தால் வகுத்து, இப்போதைய ரேஷியோவால், அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்ணால், பெருக்குங்கள். 31 அங்குலத்திலிருந்து 35-க்குப் போகிறீர்கள், ஆக்சிலில் 3.73 இருக்கிறது என்றால் 4.21 வரும். சரியாக அந்த ரேஷியோவில் செட் தேடி அலைய வேண்டாம், பக்கத்தில் 4.10, 4.56 என்று பார்ப்பீர்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில், நேர் கியரில் (கியர்பாக்ஸ் வேகத்தை மாற்றாத 1:1 கியர்), பழைய டயரோடு இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,515 சுற்று ஓடியிருக்கும். 35 டயரோடு 4.10 போட்டால் 2,450, 4.56 போட்டால் 2,720. நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு 4.10 போதும். டிரெய்லர் இழுப்பவர், மண்பாதையில் ஏறுபவர் 4.56 எடுங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பெரிய டயரின் கூடுதல் எடையையும் காற்றின் எதிர்ப்பையும் இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. டயர் பக்கவாட்டில் அச்சிட்ட அளவையும் அப்படியே நம்பாதீர்கள். தரையில் ஒரு கோடு போட்டு, டயரை ஒரு முழுச் சுற்று உருட்டி, ஓடிய தூரத்தை 3.14-ஆல் வகுத்தால் உண்மையான அளவு கிடைக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ கட்டாயம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, முன்-பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். ஆர்டர் போடும் முன் கேரியரையும் (கிரவுனைத் தாங்கும் கூடு) பாருங்கள். ரேஷியோ ஏற ஏற பினியன் சிறுத்துப்போகும், கிரவுன் அதை நோக்கி நகர்ந்து வர வேண்டும், அதனால் சில ஆக்சில்களில் கேரியரே வேறு. டானா 44 என்ற ஆக்சில் மாடலில் 3.73 வரை ஒன்று, 3.92-இலிருந்து இன்னொன்று, டானா 60-இல் 4.10 வரை ஒன்று, 4.56-இலிருந்து இன்னொன்று.

பிரிக்கும்போது கேரியர் பேரிங்கைப் பிடித்திருக்கும் கேப்களில் இடது, வலது என்று குறி போடுங்கள், அவை மாறவே கூடாது. பழைய ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கத்தில் எடுத்தீர்கள் என்று எழுதி, தடிமனை அளந்து வையுங்கள். புது செட்டுக்கு அதுதான் தொடக்கப்புள்ளி. பேரிங் எல்லாம் புதிது போடுங்கள், கிரவுன் போல்ட்டும் புதிது, மரையில் போல்ட் தளராமல் பிடிக்கும் பசை தடவி எதிரெதிராக இறுக்குங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. பினியன் ஆழம், பேரிங் பிரிலோடு (பேரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் இறுக்கம்), கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளியான பேக்லாஷ் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வர வேண்டும். பேக்லாஷை டயல் கேஜ் வைத்து கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள், பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், ஆனால் செட்டோடு வரும் தாளில் சொன்னதுதான் கடைசி வார்த்தை. அந்த எண் வந்ததும் பலர் மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். நாலைந்து பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுனை ஒரு மரக்கட்டையால் அழுத்திப் பிடித்து, பாரம் கொடுத்துச் சுற்றுங்கள். பல் முகத்தின் நடுவில், அடிப்பகுதிக்கும் முனைக்கும் இடையில், முட்டை வடிவில் ஒரு தடம் தெரிந்தால் நல்லது. தடம் பல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, முனையில் ஏறியிருந்தால் போதவில்லை. ஷிம்மை 0.05 மில்லிமீட்டர் மாற்றினாலே தடம் நகர்வது கண்ணுக்குத் தெரியும். சலிக்காமல் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுங்கள், இதற்காகவே பழைய பேரிங்கின் உள்துளையைக் கொஞ்சம் தேய்த்து எளிதாகக் கழலும்படி வைத்துக்கொண்டால் நல்ல பேரிங் பிழைக்கும்.

தடம் சரியானபின் கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கி பிரிலோடைத் தரும் குழல்) போட்டு பினியன் நட்டை இறுக்குங்கள். நீளமான கம்பி வேண்டும், நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பினியனைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து பாருங்கள். அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரி செய்ய முடியாது, ஸ்லீவ் புதிதுதான்.

எண்ணெய் ஊற்றி மூடியதும் முதல் ஓட்டம் 20, 30 கிலோமீட்டர் மெதுவாக, பிறகு முழுதும் ஆறவிடுங்கள். புது பல் முதலில் அதிகம் சூடாகும், சூடுதான் அதைக் கெடுக்கும். முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் கட்ட வேண்டாம், அது முடிந்ததும் எண்ணெயை மாற்றுங்கள். வடித்த எண்ணெயில் மெல்லிய சாம்பல் நிறத் தூள் இருப்பது இயல்பு, துண்டு துண்டாக வந்தால் திறந்து பார்த்தாக வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளை, விட்டால் அமைதி என்றால் முதலில் பல் தடத்தையே சந்தேகப்படுங்கள். விடாமல் உறுமினால் பேரிங்.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்டிலிருந்து வேகம் எடுக்கும் வண்டியில் 35 டயரும் 4.56-ம் சேர்ந்தால் முள் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும், வீல் சென்சார் வண்டியில் டயர் வித்தியாசம் மட்டும் வந்து குறைவாகக் காட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும் நேரமும் கெடும், இரண்டையும் இசியூவில் (வண்டியின் கணினி) ஒரேயடியாகத் திருத்திவிடுங்கள்.