ஸ்டிக் தானா ரீஸ்டார்ட் ஆகுதா? வயர் எங்க சொருகியிருக்குன்னு பாருங்க

கேபிள நிறுத்திட்டு டிவிக்கு நெட் வழியா சீரியல், படம் காட்டுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டியாச்சு, அம்மாவுக்கு வேண்டிய சீரியல் சன் நெக்ஸ்ட் ஆப்லயே லைவா வருது, அதனால வீட்ல சண்டை இல்ல. ஆனா சீரியல் சூடு பிடிக்கிற நேரமா பார்த்து ஸ்டிக் ஆஃப் ஆகி லோகோ வந்து நிக்கும், "இதுக்கு கேபிளே தேவலடா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நெட் காரணமில்ல, போன்ல நல்லாவே ஓடுது. பவர்தான். மாட்டிவிட்டவர் வயரை டிவி பின்னாடி யுஎஸ்பில சொருகிட்டுப் போயிருக்கார், அதுல வழக்கமா 0.5 ஆம்பியர்தான் வரும், ஸ்டிக்குக்கு 1 ஆம்பியர் வேணும். ஸ்டிக் வந்த டப்பாவுல சும்மா கிடந்த அடாப்டரை சுவர் பிளக்ல போட்டேன், ரீஸ்டார்ட் ஆகறது நின்னுச்சு. அப்பப்ப வட்டம் சுத்தினதுக்கு வைஃபைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல இருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினேன், ஆனா ரவுட்டர் பக்கத்துல இருந்தாதான் இது சரிவரும், நடுவுல சுவர் வந்தா 2.4தான் தேவல.