போஸ்ட்கிரெஸ் பக்கத்தைத் திறந்து பார்த்து எம்விசிசி படிப்பது எப்படி?

வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளில் முதுநிலை படிக்கும் மாணவர்கள் பலர் நார்மலைசேஷன் (அட்டவணைகளைப் பிரித்தமைக்கும்) விதிகளைத் தடையின்றிச் சொல்கிறார்கள். ஒரு வரிசையைத் திருத்தினால் வட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால் தயங்குகிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால் இதை எழுதுகிறேன். ஒரே வரிசையின் பல பதிப்புகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கும் முறைதான் எம்விசிசி.

போஸ்ட்கிரெஸை நிறுவி, சூப்பர்யூசராக நுழைந்து, வட்டில் தரவு சேமிக்கப்படும் பக்கங்களைத் திறந்து காட்டும் பேஜ்இன்ஸ்பெக்ட் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைகலைக் கருவியான பிஜிஅட்மின் வேண்டாம், கட்டளை வரிக் கருவியான பிஎஸ்க்யூஎல் போதும் என்பது என் உறுதியான கருத்து. டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே நிறைவேறும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) திறந்திருக்கும்போது பிஎஸ்க்யூஎல்லின் பிராம்ப்டிலேயே நட்சத்திரக் குறி தெரியும். இந்தப் பயிற்சிக்கு அது மிகவும் தேவை.

ஊர், மாவட்டம் என்று இரண்டு நெடுவரிசைகள் உள்ள அட்டவணையை உருவாக்கி, ஊரை பிரைமரி கீ ஆக்குங்கள். ஆற்காடு, ஆம்பூர், குடியாத்தம் மூன்றையும் வேலூர் மாவட்டம் என்றே சேர்த்துவிட்டு, 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபடி ஆற்காட்டை ராணிப்பேட்டைக்கு மாற்றி அப்டேட் கொடுங்கள். இப்போது ஹீப் பேஜ் ஐட்டம்ஸ் என்ற செயற்கூறால் பூஜ்ஜியமாவது பக்கத்தைப் பாருங்கள்.

8 கேபி அளவுள்ள அந்தப் பக்கத்தில் மூன்று அல்ல, நான்கு வரிசைகள் இருக்கும். பழைய ஆற்காடு முதல் இடத்தில் அப்படியே இருக்க, அந்தப் பதிப்பை மாற்றியது யார் என்று குறிக்கும் எக்ஸ்மேக்ஸில் அப்டேட் செய்த டிரான்சாக்‌ஷனின் எண் ஏறியிருக்கும். அடுத்த பதிப்பு எங்கே என்று சொல்லும் அதன் சிடிஐடி நான்காம் இடத்தைக் காட்டும். நான்காம் வரிசையில், அதாவது புதிய ஆற்காட்டில், அதை உருவாக்கியது யார் என்று குறிக்கும் எக்ஸ்மின்னிலும் அதே எண்தான். எந்தப் பதிப்பு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை போஸ்ட்கிரெஸ் இந்த எண்களையும், அந்த டிரான்சாக்‌ஷன் கமிட் ஆனதா (உறுதியானதா) என்ற தனிப் பதிவையும் கொண்டே முடிவு செய்கிறது. அதனால்தான் ஆம்பூரைத் திருப்பத்தூருக்கு மாற்றிவிட்டு ரோல்பேக் (மாற்றத்தை ரத்து செய்யும் கட்டளை) கொடுத்தாலும், ஐந்தாவதாகச் சேர்ந்த வரிசை பக்கத்தை விட்டு உடனே போவதில்லை.

அடுத்து, தேவையற்ற பழைய பதிப்புகளை அகற்றும் வேக்கூம். பலர் நின்றுவிடும் இடம் இதுதான். முதல் இடம் காலியாகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அந்த இடத்தின் நிலையைச் சொல்லும் எல்பி ஃபிளாக்ஸ் 2 என்று மாறி, நான்காம் இடத்துக்கு வழிகாட்டும் பலகையாக அது நிற்கும். திருத்தியது இண்டெக்ஸ் (தேடலுக்கான சுட்டுப் பட்டியல்) இல்லாத மாவட்டம் என்பதால் இண்டெக்ஸில் புதிய பதிவு எழுதப்படவில்லை. ஊருக்கான பழைய இண்டெக்ஸ் பதிவு இன்னும் முதல் இடத்தையே சுட்டுகிறது. அதை நம்பி வருபவருக்கு வழி வேண்டுமல்லவா? இதுவே ஹாட் (HOT) அப்டேட். மாவட்டத்துக்கும் ஓர் இண்டெக்ஸ் போட்டு இதையே திரும்பச் செய்தால் வேறுபாடு விளங்கும்.

இதன்பின் 1992-இல் ஐபிஎம்மின் சி. மோகனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட, தரவுத்தளம் திடீரென நின்றபின் அதை மீட்கும் முறை பற்றிய ஏரீஸ் கட்டுரையைப் படியுங்கள். மோகன் சென்னை ஐஐடியில் பயின்றவர். முடிவடையாத மாற்றங்களைத் திருப்பிவிட ஏரீஸில் உள்ள அன்டூ கட்டம் போஸ்ட்கிரெஸின் மீட்பில் இல்லாததன் காரணம் உங்களுக்கே புரியும். விரிவுரை வேண்டுவோர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 15-445 என்ற தரவுத்தள வகுப்புகளை யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம்.

பின்னர்ச் சேர்த்தது: வேக்கூம் கொடுத்தும் பழைய ஆற்காடு அப்படியே இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். இன்னொரு ஜன்னலில், முதலில் கண்ட நிலையையே கடைசிவரை காணும் ரிப்பீட்டபிள் ரீட் டிரான்சாக்‌ஷன் ஒன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட்டுக்கு முன்பே அது ஒரு செலக்ட் ஓட்டியிருந்தால், பழைய பதிப்பு அதற்கு இன்னும் தேவை. அதை முடித்துவிட்டு மீண்டும் வேக்கூம் கொடுங்கள்.